பிளாஸ்மா எரிகிறது, கிளஸ்டர் இறங்கவில்லை: கிளஸ்டர் கற்றைக் கருவியில் கோளாறு தேடும் வரிசை

கிளஸ்டர் என்றால் எண்ணக்கூடிய அளவு அணுக்கள் சேர்ந்த நானோ கொத்து. மேக்னட்ரான் ஸ்பட்டரிங் (டார்கெட் எனும் உலோகத் தகட்டிலிருந்து பிளாஸ்மாவால் அணுக்களைத் தட்டி எடுப்பது), குளிர்ந்த வாயுவில் அவற்றைக் கொத்தாகத் திரட்டல், அயனி லென்ஸ்கள், நிறை வடிகட்டி, கடைசியில் மாதிரி மேடை. ஜெர்மனியின் ஹாபர்லாண்ட் குழு 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய வகைக் கருவிதான் இங்கே பேசுபொருள். லேசரால் உலோகத்தை ஆவியாக்குபவர்களுக்கு முதல் பகுதி பொருந்தாது. நிறை வடிகட்டிக்குப் பிறகு வருவது எல்லோருக்கும் ஒன்றுதான்.

இந்தக் கருவியில் விலை உயர்ந்த செயல் ஒன்றே: அறையைத் திறப்பது. திறந்து, சரிசெய்து, மூடி, பம்ப் செய்து, சூடேற்றி ஈரத்தை விரட்டி முடிக்கச் சில நாட்கள் போய்விடும். அதனால் கீழே எல்லா இடத்திலும் ஒரே வரிசை: முதலில் குறிப்பேடு, பிறகு குமிழ்கள், பிறகு மல்டிமீட்டர், கடைசியில்தான் ஸ்பேனர். குறிப்பேட்டில் ஒரு நல்ல நாளின் எண்கள் இருக்க வேண்டும்: வாயு ஓட்டம், திரட்டு அறை அழுத்தம், அடுத்த அறை அழுத்தம், மேக்னட்ரான் வோல்டேஜும் மின்னோட்டமும், எல்லா லென்ஸ் வோல்டேஜும். அது இல்லாதவர்கள் கருவி நன்றாக ஓடும் அடுத்த நாளில் முதல் வேலையாக எழுதி வையுங்கள்.

மேக்னட்ரான் சப்ளையில் பல நூறு வோல்ட் இருக்கிறது. கேபிளைத் தொடும் முன் அணைத்து, கழற்றி, தரையோடு (எர்த்) இணைத்துவிடுங்கள். திரவ நைட்ரஜன் ஓடும் அறையில் ஆக்சிஜன் அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

1. பிளாஸ்மாவே பற்றவில்லை

*சப்ளை வோல்டேஜ் காட்டுகிறது, மின்னோட்டம் பூஜ்யம்.* வாயு போகவில்லை என்பதே முதல் சந்தேகம். சிலிண்டர் வால்வு, ஓட்டக் கட்டுப்படுத்தி, இடையில் உள்ள கைவால்வு, இந்த வரிசையில் பாருங்கள். வாயு போகிறது என்றால் ஆர்கான் ஓட்டத்தைச் சிறிது நேரம் கூட்டிப் பற்றவைத்து, பிறகு வேலை அழுத்தத்துக்கு இறக்குங்கள். பிரானி கேஜை (வாயுவின் வெப்பக் கடத்தலை வைத்து அழுத்தம் காட்டுவது) நம்பி அழுத்தம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது நைட்ரஜனுக்கு அளவு திருத்தப்பட்டது. ஆர்கானில் உண்மை அழுத்தம் அது காட்டுவதைப் போல் சுமார் 1.6 மடங்கு. ஹீலியம் சேர்த்தால் கணக்கு எதிர்ப்பக்கம் போகும். திரட்டு அறைக்கு, வாயு எதுவானாலும் ஒரே கணக்கில் காட்டும் கெப்பாசிட்டன்ஸ் கேஜ்தான் சரி.

*சப்ளை வோல்டேஜே ஏறவில்லை, மின்னோட்டம் உச்சத்தில் நிற்கிறது.* டார்கெட்டுக்கும் சுற்றியுள்ள தரைக்கவசத்துக்கும் இடையே உலோகச் செதில் விழுந்திருக்கிறது. கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால் சில ஓம் காட்டும். குளிர்நீர் வழியாகவும் கொஞ்சம் கடத்தல் இருக்கும், ஆனால் அது கிலோ ஓம் கணக்கில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். செதிலாக இருந்தால் திறக்காமல் வழியில்லை. கெப்பாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தை ஒரேயடியாகப் பாய்ச்சிச் செதிலை எரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். எரிந்த செதிலின் ஆவி இன்சுலேட்டரில் படிந்தால் ஒரு கோளாறு இரண்டாகும்.

*புதிய டார்கெட் போட்ட பிறகு பற்றவில்லை.* இரும்பு, கோபால்ட், நிக்கல் என்றால் காரணம் தடிமன். டார்கெட்டே காந்தப்புலத்தை விழுங்கிவிடுகிறது. மெல்லிய தகடு வாங்குங்கள், அல்லது வலுவான காந்தம் போடுங்கள். காந்தமற்ற உலோகத்தில் இது நடந்தால், தகடு பின்தட்டோடு நன்றாக ஒட்டியிருக்கிறதா, நீர் இன்டர்லாக் (நீரோட்டம் இல்லையென்றால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு) திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டம்மி லோடு போட்டும் சப்ளை வோல்டேஜ் தரவில்லை என்றால் மூடியைத் திறக்காதீர்கள். அது சப்ளை பழுதுபார்ப்பவரின் வேலை.

2. பிளாஸ்மா எரிகிறது, கிளஸ்டர் மின்னோட்டம் பூஜ்யம்

அளவியில் கோளாறா, கற்றையில் கோளாறா என்று முதலில் பிரியுங்கள். பிகோ அம்மீட்டரை மிகக் குறைந்த வீச்சுக்கு மாற்றி, கேபிளை லேசாக அசையுங்கள். ஊசி துள்ளினால் அளவி உயிரோடு இருக்கிறது. அசையவே இல்லை என்றால் கேபிள் கழன்றிருக்கிறது, அல்லது கப் (கற்றையைப் பிடித்து மின்னோட்டமாக அளக்கும் ஃபாரடே கப்) எங்கோ மின்தரையைத் தொடுகிறது. கற்றைப் பாதையின் வாயில் வால்வு (கேட் வால்வு) மூடியே இருப்பதும் இந்த வகையில்தான் சேரும். சிரிக்க வேண்டாம், இதுதான் அடிக்கடி நடப்பது.

2அ. அளவி சரி. வடிகட்டியை ஓரமாக ஒதுக்குங்கள். குவாட்ருபோல் (நான்கு கம்பி வடிகட்டி) என்றால் நேர்த்திசை (DC) வோல்டேஜை அணைத்து ரேடியோ அலைவரிசை வோல்டேஜை மட்டும் வையுங்கள். ஒரு எல்லைக்கு மேலுள்ள எல்லா நிறைகளும் கடந்துவிடும். பக்கவாட்டுப் பறப்பு நேர வகை என்றால் வடிகட்டிக்கு முன்னுள்ள கப்பில் அளவெடுங்கள். இப்போது மின்னோட்டம் வந்தால் மூலம் சரி, வடிகட்டி அமைப்பில்தான் தவறு: 5ஆம் பகுதிக்குப் போங்கள்.

2ஆ. வடிகட்டியை ஒதுக்கியும் ஒன்றும் இல்லை. துருவம் மாறியிருக்கிறதா? நேர்மின் கற்றைக்கு வைத்த லென்ஸ்கள் எதிர்மின் அயனியை விடாது. அதன்பின் திரட்டு அறை. அழுத்தம் பொதுவாக 0.1 முதல் 1 மில்லிபாருக்குள் இருக்க வேண்டும். அந்த வீச்சில் மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிறகு மேக்னட்ரானை முன்னும் பின்னும் நகர்த்தி திரட்டும் தூரத்தை மாற்றுங்கள். பிறகு ஹீலியம் கலவை. இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் திருகினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும்.

2இ. புதிய டார்கெட், அல்லது காற்று பட்ட டார்கெட். மேலே ஆக்சைடு இருக்கிறது. வாயிலை மூடி, பிளாஸ்மாவை எரியவிட்டு, மேக்னட்ரான் வோல்டேஜ் ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருங்கள். டைட்டானியம் மட்டும் இதற்கு நேர் எதிராகப் பழிவாங்கும். அறை மிகச் சுத்தமாகிவிட்டால் கிளஸ்டர் உருவாவதே படுத்துவிடும், ஏனென்றால் முதல் கரு பிடிக்க இம்மியளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது. நன்றாகச் சூடேற்றி முடித்த மறுநாள் டைட்டானியம் வரவில்லை என்றால் கருவி கெட்டுப்போகவில்லை, சுத்தமாகியிருக்கிறது. ஊசி வால்வால் சிறு கசிவு கொடுத்துப் பாருங்கள்.

2ஈ. எதற்கும் மசியவில்லை. நாஸிலும் (திரட்டு அறையின் வெளித்துளை) ஸ்கிம்மரும் (கற்றையின் நடுப்பகுதியை மட்டும் விடும் கூம்புத் துளை) ஒரே கோட்டில் இல்லை, அல்லது நாஸில் அடைத்திருக்கிறது. அடைப்பை அடுத்த பகுதியில் சொல்லும் அழுத்தக் கணக்கால் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். கோட்டை மட்டும் திறந்துதான் பார்க்க முடியும்.

3. காலையில் இருந்த மின்னோட்டம் மெல்லக் கரைகிறது

இரண்டு கேஜைப் பாருங்கள்: திரட்டு அறை, அடுத்த அறை. வாயு ஓட்டத்தை மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம்.

திரட்டு அறையில் அழுத்தம் ஏறி, அடுத்த அறையில் மாறாமல் இருந்தால் இரண்டு சாத்தியம். ஒன்று, திரவ நைட்ரஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது: வாயு சூடாகி, அதே ஓட்டம் அதே துளையைக் கடக்க அதிக அழுத்தம் கேட்கிறது. வெப்பநிலை உணரி இருந்தால் ஒரு பார்வையில் தெரியும். இல்லையென்றால் நைட்ரஜன் நிரப்பிப் பாருங்கள், அழுத்தம் இறங்கினால் அதுதான். இறங்கவில்லை என்றால் இரண்டாவது: நாஸில் உள்விளிம்பில் உலோகம் படிந்து துளை சுருங்குகிறது.

இரண்டு அறையிலும் ஏறினால் ஓட்டக் கட்டுப்படுத்தி நகர்ந்திருக்கிறது, அல்லது கசிவு. இரண்டாவது அறையில் மட்டும் ஏறினால் பம்ப்.

அழுத்தங்கள் அசையவில்லை என்றால் மேக்னட்ரான் வோல்டேஜைக் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். அதே மின்னோட்டத்துக்கு வோல்டேஜ் வாரா வாரம் இறங்கி வந்தால் டார்கெட்டில் பள்ளம் ஆழமாகிறது, பரப்பு காந்தத்துக்கு நெருங்கிவிட்டது. தகடு துளைபட்டுக் குளிர்நீர் உள்ளே வரும் முன் மாற்றிவிடுங்கள். அந்த நாள் வந்தால் டர்போ பம்ப்பும் சேர்ந்து போகும். வோல்டேஜ் ஒரேயடியாக ஏறினால் காந்தத்தைச் சந்தேகியுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வலுவிழக்கத் தொடங்கும். நீரோட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. மின்னோட்டம் துள்ளுகிறது

பிளாஸ்மாவை அணையுங்கள். துள்ளல் நிற்கவில்லை என்றால் அது கிளஸ்டர் அல்ல: கேபிள் அதிர்வு, தரை வளையம், அல்லது குவாட்ருபோல் ஜெனரேட்டரின் அலை உள்ளே புகுவது. பேக்கிங் பம்ப்பை ஒரு கணம் நிறுத்தினால் அதிர்வா என்று தெரிந்துவிடும். பிளாஸ்மாவோடு சேர்ந்துதான் துள்ளுகிறது என்றால் டார்கெட்டில் ஆர்க் அடிக்கிறது. சப்ளையின் ஆர்க் எண்ணியைப் பாருங்கள், பவரைக் குறைத்துச் சிறிது நேரம் எரியவிடுங்கள். அனேகமாக அடங்கிவிடும்.

5. நிறை நிறமாலையில் சிகரங்கள் தப்பான இடத்தில்

எல்லாச் சிகரமும் ஒரே விகிதத்தில் நகர்ந்திருந்தால் அளவு திருத்தம் தவறு. ஜெனரேட்டர் சூடாக நேரம் கொடுத்து மீண்டும் திருத்துங்கள். விகிதம் சீராக இல்லை என்றால் சிகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை எண்ணுங்கள். வெள்ளிக்கு 107.9, தங்கத்துக்கு 197. இவற்றுக்கு நடுவே 16, 18, 40 இடைவெளியில் குட்டிச் சிகரங்கள் நின்றால் முறையே ஆக்சிஜன், நீர், ஒட்டிக்கொண்ட ஆர்கான்.

சில உலோகங்கள் இங்கே ஏமாற்றும். டைட்டானியம் அணுவின் நிறை 47.87, மூன்று ஆக்சிஜன் 48.00. செம்பு 63.55, நான்கு ஆக்சிஜன் 63.996. சாதாரணப் பிரிதிறனில் "ஒரு அணு கூடுதல்" என்று நீங்கள் படிப்பது ஆக்சைடாக இருக்கலாம். ஆக்சிஜன் கசிவை மாற்றி மாற்றிப் பார்த்துச் சிகரங்களின் உயரம் எப்படி நடக்கிறது என்பதைக் கவனிப்பதுதான் மலிவான சோதனை.

பிரிதிறனை (நிறையைச் சிகரத்தின் அகலத்தால் வகுத்த எண்) பற்றி ஒரு வார்த்தை. அது 20 என்றால் "923 அணுத் தங்கம்" என்று நீங்கள் எழுதுவது ஏறத்தாழ 900 முதல் 946 வரை. அது கோளாறு அல்ல, கருவியின் இயல்பு. சிகரம் இரட்டையாகப் பிளந்திருந்தாலோ, ஒருபக்கம் வால் நீண்டிருந்தாலோ குவாட்ருபோல் கம்பிகளில் உலோகம் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்பிகளை நீங்களே கழற்றாதீர்கள். அவற்றின் இணைத்தன்மை மைக்ரோமீட்டர் அளவில் அமைக்கப்பட்டது. தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள்.

6. மின்னோட்டம் அருமை, மாதிரியில் ஒன்றுமே இல்லை

என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இது. அளவி காட்டுவது மின்னோட்டம். அது கிளஸ்டர்தான் என்று அளவி சொல்லவில்லை.

6அ. கசிவைக் கழித்தீர்களா? மாதிரி மேடைக்கு 500 வோல்ட் கொடுத்திருக்கிறீர்கள், இன்சுலேஷன் ஒரு லட்சம் கோடி ஓம் என்று வையுங்கள். கேட்கப் பிரமாதமான இன்சுலேஷன். ஆனாலும் 500 பிகோ ஆம்பியர் கசிகிறது. பல நேரம் உங்கள் கற்றையே அவ்வளவு இருக்காது. மேடை வோல்டேஜை அப்படியே வைத்து, விலக்கும் தட்டால் கற்றையை மட்டும் அணைத்து அளவெடுங்கள். மிஞ்சுவது கசிவு. ஈரமான நாளில் கனெக்டரின் வெளிப்பக்கமே கசியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்தால் போதும். துடைத்தும் குறையவில்லை என்றால் உள்ளே பீங்கானில் உலோகம் படிந்திருக்கிறது.

6ஆ. கற்றை மாதிரியில் விழுகிறதா, மேடையில் விழுகிறதா? மேடை முழுதும் சேர்த்து அளக்கும் அமைப்பில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் தரும். மேடையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, சிறு துளையுள்ள தகட்டின் பின்னால் உள்ள கப்பில் கற்றையின் வடிவத்தை வரையுங்கள். லென்ஸ் வோல்டேஜை மாற்றும்போதெல்லாம் மையம் நகரும்.

6இ. மாதிரி மின்கடத்தியா? சிலிக்கா, அலுமினா, தடித்த ஆக்சைடு என்றால் முதலில் விழும் கிளஸ்டர்கள் மின்னேற்றத்தை விட்டுவிட்டுப் பின்னால் வருபவற்றைத் தள்ளிவிடும். மின்னோட்டம் நன்றாகத் தொடங்கிச் சில நிமிடங்களில் விழுவது அடையாளம். எலக்ட்ரான் வெள்ளம் கொடுக்கும் துப்பாக்கி இருந்தால் ஓட்டுங்கள். இல்லையென்றால் மாதிரி விளிம்பில் உலோகக் கம்பிவலை பிடித்துப் பாருங்கள்.

6ஈ. கணக்குப் போட்டீர்களா? 100 பிகோ ஆம்பியர் என்றால் வினாடிக்கு 62.4 கோடி ஒற்றை மின்னேற்ற கிளஸ்டர்கள். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஒரு நிமிடம் விழுந்தால், 100 நானோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் சுமார் 19. நுண்ணோக்கியில் இதைவிட மிகக் குறைவாகத் தெரிந்தால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று. சதுரத்தில் ஒன்றுகூட எதிர்பார்க்க முடியாத அளவுக்கு உங்கள் மின்னோட்டம் குறைவு என்றால் கோளாறே இல்லை, பொறுமைதான் போதவில்லை.

7. இறங்கியிருக்கிறது, ஆனால் அளவு கலந்து கிடக்கிறது

*எல்லா அளவும் கலந்திருக்கிறது.* மின்னேற்றமில்லாத நடுநிலைக் கிளஸ்டர்கள் வடிகட்டிக்குக் கட்டுப்படாமல் நேர்கோட்டில் வந்து விழுகின்றன. அளவி அவற்றைப் பார்க்கவே பார்க்காது. சோதனை எளிது: புதிய கிரிட் (நுண்ணோக்கியில் பார்க்கும் வலைத்தகடு) ஒன்றை வைத்து, விலக்கும் தட்டால் அயனிகளை முழுக்கத் தள்ளிவிட்டு, வழக்கமான நேரம் காத்திருங்கள். கிரிடில் ஏதாவது இருந்தால் நடுநிலைக் கற்றை வருகிறது. மூலத்திலிருந்து மாதிரிக்கு நேர்ப்பார்வை இல்லாதபடி கற்றையை ஒருமுறை வளைக்க வேண்டும். அது சிறு வேலை அல்ல.

*ஒரு அளவும், அதன் இரட்டிப்பும்.* இங்கேதான் நிறையப் பேர் தவறான பக்கம் தேடுகிறார்கள். வடிகட்டி பார்ப்பது நிறையை மட்டுமல்ல, நிறையை மின்னேற்றத்தால் வகுத்த எண்ணை. இரட்டை மின்னேற்றமுள்ள 1846 அணுக் கொத்து, ஒற்றை மின்னேற்றமுள்ள 923க்கு அடுத்த கதவு வழியாக வருவதில்லை, அதே கதவு வழியாகத்தான் வருகிறது. ஆனால் மாதிரியில் இரண்டு 923 அருகருகே விழுந்து ஒன்றானாலும் அதே இரட்டிப்புத்தான் தெரியும். பிரித்தறிய நேரத்தைப் பாதியாக்கி மறுபடி இறக்குங்கள். இரட்டிப்பின் பங்கு குறைந்தால் அவை மாதிரியில் சேர்ந்தவை. மாறாமல் நின்றால் கற்றையிலேயே வந்தவை, மூலத்தின் அழுத்தத்தையும் பவரையும் மாற்றிப் பாருங்கள்.

சேர்வது எவ்வளவு சீக்கிரம் தொடங்கும் என்பது பலருக்கும் ஆச்சரியம். 923 அணுத் தங்கத்தின் விட்டம் சுமார் 3 நானோமீட்டர். மேலே சொன்ன கணக்கில் பத்து நிமிடம் இறக்கினால் பரப்பில் 14 சதவீதம்தான் மூடியிருக்கும். ஆனால் கிளஸ்டர்கள் கண்டபடி விழுவதால் அவற்றில் ஏறக்குறைய 44 சதவீதம் பக்கத்தில் உள்ள ஒன்றையாவது தொட்டிருக்கும். ஒரு நிமிடம் என்றால் 6 சதவீதத்துக்குள். நுண்ணோக்கிக்கான மாதிரியை எப்போதும் தனியாக, மெல்லியதாகச் செய்யுங்கள்.

8. தட்டையாக, உடைந்து, அல்லது இடம் மாறி

மொத்த ஆற்றலை அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 500 எலக்ட்ரான் வோல்ட் கற்றை 923 அணுக் கொத்துக்கு அணுவுக்கு 0.54தான்: மென்மையாக இறங்கும். லென்ஸைத் தொடாமல் 20 அணுக் கொத்துக்கு மாறினால் அதே 500 அணுவுக்கு 25 ஆகிறது. கொத்து சிதறும், அணுக்கள் பரப்புக்குள் புதையும். மென்மையாக இறக்க அணுவுக்கு 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வையுங்கள்.

வாயு கொடுக்கும் வேகத்தையும் கூட்ட வேண்டும். 923 அணுத் தங்கம் வினாடிக்கு 300 மீட்டரில் வெளிவந்தால் வோல்டேஜ் எதுவும் இல்லாமலே சுமார் 85 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. மேடையில் எதிர்ப்பு வோல்டேஜை மெல்ல ஏற்றி மின்னோட்டம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். உண்மை ஆற்றல் அங்கே தெரியும். காகிதக் கணக்கைவிட அதை நம்புங்கள்.

உடையாமல், ஆனால் படிவிளிம்புகளில் வரிசையாகப் போய்ச் சேர்ந்திருந்தால் ஆற்றல் குறைவு: கிராஃபைட்டில் மென்மையாக இறங்கிய கிளஸ்டர்கள் அறை வெப்பத்திலேயே நடக்கும். ஆற்றலைக் கூட்டி, பரப்பில் ஒரு குறை உண்டாக்கிப் பதியவைக்கலாம். அல்லது இறக்கும் முன் ஆர்கான் அயனியால் பரப்பை லேசாகக் கொத்திவிடலாம். வடிவம் கெடக்கூடாது என்பவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது.

9. மாதிரியில் கார்பனும் ஆக்சிஜனும்

முதலில், மாதிரி காற்றில் எவ்வளவு நேரம் இருந்தது? அதற்குப் பிறகுதான் கருவியைக் குறை சொல்ல வேண்டும். 10⁻⁶ டாரில் ஒரு பரப்பு ஓரிரு வினாடிகளில் ஒரு அடுக்கு வாயுவால் மூடப்படலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இறக்கும் நேரத்தில் அறை அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். ஆர்கானும் ஹீலியமும் எவ்வளவு இருந்தாலும் பாதகமில்லை, மற்றவைதான் கணக்கு.

எச்சவாயுப் பகுப்பாய்வியில் நிறை எண் 18 ஓங்கி நின்றால் நீர்: சூடேற்றுங்கள். 28ம் 32ம் நான்குக்கு ஒன்று என்ற அளவில் சேர்ந்து நின்றால் காற்றுக் கசிவு. வழக்கமாகக் காற்றைக் காட்டிக்கொடுக்கும் 40ஐ இங்கே நம்ப முடியாது, நீங்களே ஆர்கான் விடுகிறீர்கள். ஹீலியம் கசிவு சோதனைக்கும் இதே சங்கடம். ஹீலியம் ஓடியிருந்தால் பின்னணி இறங்கும்வரை காத்திருந்துதான் தேட வேண்டும். வாயுவை நிறுத்தியதும் 32 மறைந்தால் கசிவு அறையில் இல்லை, வாயுக் குழாயில். சிலிண்டர் மாற்றிய இணைப்பை முதலில் இறுக்குங்கள்.

எல்லா இணைப்பும் இறுக்கியாகிவிட்டது, கசிவு நைட்ரஜன் ஊற்றும்போது மட்டும் தோன்றுகிறது என்றால் குளிரில் சுருங்கும் வெல்டில் விரிசல். அதற்கு ரெசின் பூசி ஓட்டாதீர்கள். சூடேற்றும்போது அது ஆவியாகி மேலும் கார்பனைத்தான் தரும். அந்தக் குழாயைக் கழற்றி வெற்றிட வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். டர்போ பம்ப்பின் சத்தம் மாறியிருந்தால், வெல்டுக்கு ஆள் வரும் அன்றே பேரிங்குக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அறை எப்படியும் திறந்துதான் இருக்கும்.